திரையைப் பார்க்காமல் வாசிக்க: டிரம் மெஷின் சாஃப்ட்வேரும் பேட் கன்ட்ரோலரும், முழுமையான வழிகாட்டி

ஆடி மாதம் சேலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், கோட்டை மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து பம்பைச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். நான் அம்மாபேட்டையில் வளர்ந்தவன், வீட்டைச் சுற்றிலும் தறிச் சத்தம், காதில் ஒரு தாளம் ஓடாத நேரமே கிடையாது. லைட் மியூசிக் குழுவில் பல வருடம் ரிதம் பேட் வாசித்துவிட்டு, இப்போது லேப்டாப்பில் டிரம் மெஷின் சாஃப்ட்வேரும், விரலால் தட்டி அதை ஒலிக்கவைக்கும் பதினாறு பேட் வைத்த ஒரு கன்ட்ரோலருமாக வேலை செய்கிறேன். இந்த மாற்றத்தில் நான் தடுக்கி விழுந்த இடங்களை எல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வந்து சந்தேகம் கேட்கும் தம்பிகளில் முக்கால்வாசிப் பேர் கன்ட்ரோலரைக் காசு கொடுத்து வாங்கி, லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மவுஸைப் பிடித்துக் கட்டம் கட்டமாகத் தாளத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் செய்வதற்குக் கன்ட்ரோலரே தேவையில்லை. அது ஒரு வாத்தியம். தவில்காரர் தவிலைக் குனிந்து பார்த்துக்கொண்டா வாசிக்கிறார்? கை போகிற இடம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு நிலைக்குக் கொண்டுபோவதற்காகத்தான்.

எதை வாங்குவது

பேட் வைத்த கருவிகளில் இரண்டு வகை. ஒன்று, எந்த சாஃப்ட்வேருக்கும் மிடி நோட்டை (எந்த ஒலி, எவ்வளவு வலு என்ற எண் குறிப்பை) மட்டும் அனுப்பும் பொதுவான பேட். இன்னொன்று, ஒரே ஒரு சாஃப்ட்வேருக்காகவே செய்த கன்ட்ரோலர். இரண்டாவது வகையில் இன்று அதிகம் புழங்குவது நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மஷீன், அகாயின் எம்பிசி ஸ்டுடியோ. மஷீன் 2009-ல் வந்தது. ஆனால் நாலுக்கு நாலு என்று பதினாறு பேட் அடுக்கும் வழக்கம் அதற்கு வெகு முன்பே, 1988-ல் அகாய் எம்பிசி 60-இலேயே வந்துவிட்டது. அதை வடிவமைத்த ரோஜர் லின்தான் 1980-ல் உண்மையான டிரம்ஸைப் பதிவு செய்து டிஜிட்டலாக வாசிக்கும் எல்எம்-1 என்ற மெஷினையும் கொண்டுவந்தவர். இன்று நம் விரல் விழும் பதினாறு சதுரத்துக்கும் மூலம் அவருடைய மேசை.

தனி கன்ட்ரோலரின் லாபம் எங்கே இருக்கிறது என்றால், அதிலுள்ள பட்டன், குமிழ், சின்னத் திரை எல்லாமே சாஃப்ட்வேருக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்து நடக்கும். ஒலியைத் தேடுவது, நீளத்தை மாற்றுவது, ஒரு அடியை அழிப்பது, எதற்கும் லேப்டாப் பக்கம் திரும்ப வேண்டாம். பொதுவான பேடில் இத்தனையையும் நீங்களே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கையில் காசு குறைவு என்றால் பொதுவான பேடிலும் தொடங்கலாம், தப்பில்லை. அதில் பெரும்பாலான டிரம் பிளக்-இன்கள் (சாஃப்ட்வேருக்குள் திறக்கும் வாத்தியங்கள்) ஏற்றுக்கொள்ளும் நோட் எண்களை மட்டும் நினைவில் வையுங்கள்: கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) 36, ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) 38, மூடிய ஹை-ஹேட் (ஜோடித் தட்டு) 42, திறந்த ஹை-ஹேட் 46.

மஷீனில் எம்கே3 மாடலுக்குள்ளேயே ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியை வெளியே அனுப்பும் சவுண்ட் கார்டு) இருக்கிறது, ஸ்பீக்கரை நேராக அதில் சொருகலாம். சின்ன மாடலான மைக்ரோவில் அது இல்லை, தனியாக ஒரு சவுண்ட் கார்டு வாங்க வேண்டிவரும். விலையை ஒப்பிடும்போது இதையும் கூட்டிப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் கொஞ்சம் கவனம். நான் முதலில் வாங்கியது அப்படித்தான். பொருள் புதுசு மாதிரி இருந்தது, பேட் எல்லாம் நன்றாக வேலை செய்தது, ஆனால் விற்றவர் தன் கணக்கிலிருந்து அதை விடுவிக்கவே இல்லை, சாஃப்ட்வேர் எனக்குத் திறக்கவில்லை. மூன்று வாரம் அவர் பின்னால் அலைந்தேன். இந்த வகைக் கருவியில் பெட்டிக்கு எவ்வளவு மதிப்போ அதே மதிப்பு சீரியல் எண்ணுக்கும் உண்டு. உரிமை மாற்றம் முடிந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

இணைக்கும் வரிசை

முதலில் கணக்கு தொடங்கி, சீரியல் எண்ணைப் பதிந்து, சாஃப்ட்வேரையும் டிரைவரையும் இறக்கி நிறுவுங்கள். அதற்குப் பிறகு கேபிளைச் சொருகுங்கள். சொருகியதும் ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்கச் சொன்னால் செய்துவிடுங்கள், அந்த நேரத்தில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிள் நேராக லேப்டாப் போர்ட்டுக்குப் போகட்டும். யூ.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர்தான். அதையே நாலாகப் பிரிக்கும் மலிவான ஹப்பில் கன்ட்ரோலர், பென் டிரைவ், மவுஸ் என்று மூன்றையும் மாட்டினால் பேட் விளக்கு மங்கும், சில நேரம் நடுவில் தொடர்பே அறுந்துவிடும். ஹப் வேண்டும் என்றால் தனி அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள்.

விண்டோஸில் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைத்து, யூ.எஸ்.பி. போர்ட்டைத் தூங்கவைக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். வாசிக்கும்போது வைஃபையையும் அணைப்பது நல்லது. மேக்கில் இந்தத் தொல்லை குறைவு.

தாமதம்

பேடைத் தட்டியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் லேட்டன்சி. இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு பயிற்சி செய்தாலும் கை கெட்டுத்தான் போகும், ஏனென்றால் சத்தம் பிந்துவதற்கு ஏற்பக் கை முந்திப் பழகிவிடும், அப்புறம் அந்தப் பழக்கத்தைக் கழற்றுவது பெரும்பாடு.

கணக்கு எளிது. பஃபர் அளவை (சாஃப்ட்வேர் ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலித் துணுக்குகள்) சாம்பிள் ரேட்டால் (ஒரு நொடியில் உள்ள துணுக்குகள்) வகுக்க வேண்டும். 44,100-ல் 256 வைத்தால் சுமார் 5.8 மில்லி செகண்ட், 128 வைத்தால் சுமார் 2.9, 512 என்றால் 11.6. இதோடு கருவியும் டிரைவரும் எடுத்துக்கொள்ளும் நேரம் தனியாகக் கூடும். இது எவ்வளவு என்று உணர வேண்டுமானால் இப்படி யோசியுங்கள்: காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது. பத்து மில்லி செகண்ட் தாமதம் என்றால் வாத்தியம் உங்களிடமிருந்து பதினோரு அடி தள்ளி இருப்பது மாதிரி. அந்தத் தூரத்தில் சமாளிக்கலாம். இருபதைத் தாண்டினால் வாசிக்கவே முடியாது.

வாசித்துப் பதிவு செய்யும்போது 128, லேப்டாப் திணறினால் 256. வாசிப்பு முடிந்து மிக்ஸிங் வந்தபின் 512-க்கோ 1024-க்கோ ஏற்றிக்கொள்ளுங்கள், அப்போது தாமதம் ஒரு பொருட்டில்லை. விண்டோஸில் கட்டாயம் ஏசியோ (தாமதம் குறைந்த ஆடியோ) டிரைவர் வேண்டும். தனி இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் ஏசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவரில் தொடங்கலாம். இன்னொன்று, ப்ளூடூத் ஹெட்போன் போட்டுக்கொண்டு பேட் வாசிக்கவே கூடாது, அதன் தாமதம் நாம் இங்கே பேசும் அளவுகளைவிடப் பல மடங்கு.

பேடின் உணர்திறன்

இதைப் பலரும் தொடாமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம் உண்டு. மிடியில் ஒரு அடியின் வலுவை வெலாசிட்டி என்பார்கள், 127 வரை எண்ணில் வரும். ரிதம் பேடைக் குச்சியால் அடித்துப் பழகியவர்களுக்கு விரல் அடி பலமாகத்தான் விழும், எல்லாமே 120-க்கு மேல் போய் நிற்கும், தாளம் தட்டையாகிவிடும். மென்மையாகத் தொடுகிறவர்களுக்குப் பாதி அடி பதிவே ஆகாது.

மஷீனில் பிரிஃபரன்ஸுக்குள் ஹார்ட்வேர் பக்கத்தில் உணர்திறனும் வெலாசிட்டி வளைவும் இருக்கின்றன. அங்கே போய் ஒரு ஸ்னேரை எடுத்து, காதுக்குக் கேட்டும் கேட்காமலும் இருக்கும் அடியிலிருந்து பலமான அடி வரை இருபது முறை ஏற்றி ஏற்றி வாசியுங்கள். இருபதும் இருபது விதமாகக் கேட்கிறதா? நடுவில் திடீரென்று ஒரு தாவல் இருந்தால் வளைவை ஒரு படி மாற்றுங்கள். அரைமணி நேரம் இதற்குக் கொடுங்கள், அப்புறம் வருடக்கணக்கில் இதைத் தொடவேண்டியிருக்காது.

எல்லா அடியையும் ஒரே வலுவாக்கும் பட்டன் ஒன்று இருக்கும், மஷீனில் ஃபிக்ஸ்டு வெலாசிட்டி, எம்பிசியில் ஃபுல் லெவல். கிக்குக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மற்றதற்கு அதை அழுத்தினால் நீங்கள் வாசிப்பதற்கும் மவுஸில் நிரப்புவதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

எந்த பேடில் எந்த ஒலி

சாஃப்ட்வேரோடு வரும் கிட் (ஒலித் தொகுப்பு) ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி அடுக்கியிருக்கும். அதை அப்படியே எடுத்து வாசித்தால் கை எதையும் கற்றுக்கொள்ளாது. உங்களுக்கென்று ஒரு அடுக்கை முடிவு செய்து, எந்த கிட் எடுத்தாலும் ஒலிகளை அந்த இடத்துக்கு மாற்றிய பிறகுதான் வாசிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்கள் கீழ் இடது மூலையில் 1-ல் தொடங்கி, வலது பக்கமாக 4 வரை போய், மேல் வரிசைக்கு ஏறும். மேல் வலது மூலை 16. என்னுடைய அடுக்கு இது: கீழ் வரிசையில் கிக், ஸ்னேர், மூடிய ஹை-ஹேட், திறந்த ஹை-ஹேட். இரண்டாவது வரிசை முழுக்கப் பம்பை. மூன்றாவது வரிசையில் உடுக்கையும் பறையும். மேல் வரிசையில் கிராஷ், கைத்தட்டல், ஷேக்கர், சலங்கை. அடிக்கடி வேண்டியது கட்டைவிரலுக்குப் பக்கத்தில், எப்போதாவது வருவது மேலே. ஹை-ஹேட் மாதிரி வேகமாக ஓடும் ஒலியைப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேடில் வைத்துக்கொண்டால் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி வாசிக்கலாம்.

திறந்த ஹை-ஹேட் ஒலிக்கும்போது மூடியதை அடித்தால் முன்னது நிற்க வேண்டும். அதற்கு இரண்டையும் ஒரே சோக் குரூப்பில் போடுங்கள், எம்பிசியில் இதன் பெயர் மியூட் குரூப். உடுக்கையின் திறந்த அடிக்கும் அடக்கிய அடிக்கும் இதையே செய்யுங்கள், சட்டென்று உயிர் வந்துவிடும்.

அடுக்கு முடிவானதும் கிட்டாகச் சேமித்துவிட்டு, தினமும் பதினைந்து நிமிடம் லேப்டாப் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வாசியுங்கள். மெட்ரோனோம் (எண்ணிக்கையை டிக் டிக் என்று அடித்துக் காட்டுவது) நிமிடத்துக்கு 60-ல், ஒரே பேடில் வலது, இடது, வலது, இடது. அப்புறம் தகிட தகிட என்று மூன்றில் ஒன்றுக்கு அழுத்தம் கொடுங்கள், இப்போது அழுத்தம் ஒவ்வொரு முறையும் கை மாறி விழும், அதில்தான் பலவீனமான கை எது என்று தெரியவரும். மூன்று வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டே பதினாறும் தெரிந்துவிடும்.

முதல் பேட்டர்ன்

டெம்போ 90 (நிமிடத்துக்கு 90 எண்ணிக்கை), நீளம் இரண்டு பார் (நாலு எண்ணிக்கை ஒரு பார்). மெட்ரோனோமையும் கவுன்ட்-இன்னையும் (தொடங்கும் முன் வரும் எண்ணிக்கை) போட்டு ரெக்கார்டை அழுத்துங்கள். முதல் சுற்றில் கிக் மட்டும். பேட்டர்ன் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும், அடுத்த சுற்றில் ஸ்னேர், அதற்கடுத்து ஹை-ஹேட். ஒரு அடி தப்பினால் நிறுத்தவேண்டாம், எரேஸை அழுத்திப் பிடித்து, அந்தத் தப்பு வரும் இடத்தில் அதே பேடையும் பிடித்தால் ஓட்டத்திலேயே அழிந்துவிடும். மொத்தமும் கெட்டுப்போனால் அண்டூ.

நோட் ரிபீட் என்ற பட்டனைப் பிடித்துக்கொண்டு பேடை அழுத்தினால் நீங்கள் தேர்ந்த இடைவெளியில் அடி தானாக விழும். மஷீனில் விரலின் அழுத்தம் கூடக்கூட வலுவும் கூடும். ஹை-ஹேட்டை 16-ல் (ஒரு எண்ணிக்கைக்கு நாலு பதினாறாம் அடி) வைத்து விரலை அழுத்தியும் தளர்த்தியும் பாருங்கள், காற்றில் ஓலை அசைகிற மாதிரி ஏறி இறங்கும். நடுவில் 32-க்குத் தாவி உடனே திரும்பினால் அழகான ஒரு உருட்டு கிடைக்கும். ஆனால் பாட்டு முழுக்க அதையே செய்தால் சலித்துவிடும்.

குவாண்டைஸ், ஸ்விங்

வாசித்ததைக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்குவது குவாண்டைஸ். பழகாதவர்கள் பதிவு முடிந்த கையோடு நூறு சதவீதம் நேராக்கிவிடுகிறார்கள், பிறகு ஏன் உயிரே இல்லை என்று கேட்கிறார்கள். பாதியளவு மட்டும் இழுக்கும் வசதியும் உண்டு, மஷீனில் குவாண்டைஸ் 50% என்று பேடின் மேலேயே அச்சடித்திருக்கும், ஷிஃப்ட்டோடு அழுத்த வேண்டும். என் வழக்கம்: கிக்கை முழுதாக நேராக்குவேன், ஸ்னேரைப் பாதி, பம்பையைத் தொடவே மாட்டேன். பம்பை சரியில்லை என்று தோன்றினால் மறுபடி வாசிப்பேன்.

ஸ்விங் என்பது இரட்டைப்படை அடிகளைக் கொஞ்சம் பிந்தவிடுவது. எம்பிசி கணக்கில் 50 என்றால் நேர், 66 அருகில் திஸ்ர நடை (மூன்றாகப் பிரிவது), 75 உச்சம். மஷீனில் அளவு 0-விலிருந்து 100 வரை, அதனால் இரண்டின் எண்களையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். டெம்போ 90-ல் பதினாறாம் அடி ஒன்றுக்கு ஏறக்குறைய 167 மில்லி செகண்ட். எம்பிசியில் 58 வைத்தால் இரண்டாவது அடி 193-ல் விழும், அதாவது 27 மில்லி செகண்ட் பிந்துகிறது. எண்ணில் பார்த்தால் ஒன்றுமில்லை, காதில் கேட்டால் நேராக நடந்தவன் தோளை ஆட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டான் என்று தெரியும். மஷீனில் தனி ஒலிக்கு, குரூப்புக்கு (பதினாறு பேடின் ஒலிகளும் சேர்ந்தது), மொத்தத்துக்கு என்று வேறுவேறு ஸ்விங் வைக்கலாம். ஹை-ஹேட்டுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள், அங்கேதான் அது அழகாக உட்காரும்.

நம்ம தாளத்துக்கு

சாஃப்ட்வேர் எல்லாம் நாலு நாலாக எண்ணித்தான் திறக்கும். நமக்கு ஆறும் ஏழும் வேண்டும்.

குத்துப் பாட்டுக்கு, குழுவில் நாங்கள் சிக்ஸ் எய்ட் என்று சொல்வதற்கு, கட்டத்தை டிரிப்லெட்டுக்கு (ஒரு எண்ணிக்கைக்கு மூன்று கட்டம்) மாற்றுங்கள். ஒரு நாலு எண்ணிக்கை பாருக்குள் பன்னிரண்டு கட்டம் வரும். நான் அடிப்படையாக வைத்துக்கொள்வது: 1, 6, 7 ஆகிய கட்டங்களில் கிக், 4-லும் 10-லும் பலமான பறை அடி, 3, 9, 12-ல் மெல்லிய பம்பை. டெம்போ 100-ஐ ஒட்டி. முதலில் இந்த மூன்றையும் வாயால் சொல்லிப் பாருங்கள், வாயில் வராதது விரலிலும் வராது. மெல்லிய அடி 40 வெலாசிட்டியைத் தாண்டக்கூடாது. இந்தத் தாளத்தின் ஆட்டம் பலமான அடியில் இல்லை, நடுவில் ஒளிந்திருக்கும் அந்த மூன்று சின்ன அடியில்தான் இருக்கிறது. அதை 90-க்கு ஏற்றிப் பாருங்கள், ஆட வந்த கால் நின்றுவிடும்.

மிஸ்ர சாபுவுக்கு (ஏழு எண்ணிக்கைத் தாளம்) டைம் சிக்னேச்சரை 7/8 ஆக்கி, பேட்டர்ன் நீளத்தைப் பதினாலு பதினாறாம் அடிகளாக வையுங்கள். தகிட தகதிமி, மூன்றும் நாலும். கண்ட சாபுவுக்கு 5/8, தக தகிட. மெட்ரோனோம் ஏழிலும் சும்மா டிக் டிக் என்று அடித்தால் வழி தெரியாது, அதை அணைத்துவிட்டு ஒன்றிலும் நாலிலும் மட்டும் விழும் ஒரு தாளச் சத்தத்தை மேல் வரிசைப் பேடில் போட்டு நீங்களே ஒரு வழிகாட்டிப் பேட்டர்ன் செய்துகொள்ளுங்கள்.

பம்பையைப் பதிவு செய்தது

இணையத்தில் கிடைக்கும் நாட்டுப்புற சாம்பிள்களில் (பதிவு செய்த ஒலிகளில்) நம் பக்கத்துப் பம்பை மாதிரி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. சேர்த்துக் கட்டிய இரண்டு உருளை, ஒன்று மரம், ஒன்று உலோகம், இரண்டும் ஒன்றோடொன்று பேசுகிற மாதிரி இருக்கும். அதனால் நாமே பதிவு செய்வது என்று முடிவானது. அம்மாபேட்டையில் தறி ஓடாத நேரம் கிடைப்பது கஷ்டம், எனவே எங்கள் தெருவில் திருவிழாவுக்கு வாசிக்கும் அண்ணனை அழைத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டில் நண்பன் வீட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் போனோம். வாரநாள், சீசன் இல்லாத மாதம். அவருக்குக் கோயிலில் ஒரு நாளைக்கு என்ன கிடைக்குமோ அதைக் கொடுத்து, இந்த ஒலியை என் பாட்டுகளில் பயன்படுத்துவேன் என்று முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கினேன். நீங்களும் இதை விடாதீர்கள், அது அவர் கை.

காலையில் பனி இறங்கியிருந்தது, தோல் ஈரம் குடித்துத் தொய்ந்து, சத்தம் மந்தமாக வந்தது. பதினோரு மணி வெயிலில் அரைமணி நேரம் வைத்தபிறகுதான் அந்தக் கணீர் திரும்பியது. பறைக்காரர்கள் நெருப்பில் காய்ச்சுவது எதற்கு என்று அன்றைக்குக் கையால் தொட்டுப் பார்த்தேன், தோல் இறுகி நகத்தால் சுண்டினாலே சத்தம் வந்தது. காய்ந்த பிறகு ஒன்றரை மணி நேரத்துக்குள் முக்கியமான அடிகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் சுருதி மெல்ல இறங்குகிறது, கடைசியில் எடுத்த அடி முதலில் எடுத்ததோடு ஒட்டாது. சாயங்காலம் மிச்சத்தை எடுக்கலாம் என்று நினைத்தோம், ஐந்தரைக்குச் சில்வண்டு தொடங்கிவிட்டது. அந்தக் கீச்சொலியை ஃபில்டரில் வெட்டினால் பம்பையின் கூர்மையும் சேர்ந்து போய்விடும், அதனால் அந்தப் பதிவை விட்டுவிட்டோம்.

எடுக்கும் முறை: 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மைக் ஒரு முழம் தள்ளி, உச்ச அளவு -12 டெசிபலைத் தாண்டாமல். ஒவ்வொரு அடியையும் மெல்லியதிலிருந்து பலம் வரை எட்டு முறை, ஒவ்வொன்றும் முழுதாக அடங்கும் வரை காத்திருந்து அடுத்தது. தனி அடிகள் முடிந்ததும் அவரை இஷ்டத்துக்குப் பத்து நிமிடம் வாசிக்கவிட்டு அதையும் பதிவு செய்யுங்கள், சிறந்த அடிகள் அங்கேதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து நீளமான பதிவை சாம்பிளரில் ஏற்றி, ஸ்லைஸ் பக்கத்தில் டிடெக்ட் முறையைத் தேர்ந்தால் அடி விழும் இடங்களை அதுவே கண்டுபிடித்து வெட்டும். அது வெட்டியதை நம்பி அப்படியே பேடில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, தொடக்கத்தில் வெற்று இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்து மில்லி செகண்ட் மௌனம் முன்னால் ஒட்டியிருந்தால் அது பத்து மில்லி செகண்ட் தாமதம், பஃபரை எவ்வளவு குறைத்தாலும் போகாது. கார்டில் கோளாறு என்று என்னிடம் வந்த இரண்டு பேருக்கு நோய் இங்கேதான் இருந்தது. அதேபோல் ரொம்ப நெருக்கி வெட்டி அடியின் முதல் நுனியை நறுக்கிவிட்டால் பம்பை பிளாஸ்டிக் டப்பா மாதிரி ஒலிக்கும்.

பிறகு ஸோன் பக்கத்தில் ஒரே ஒலிக்குள் மூன்று பதிவை வெலாசிட்டிப்படி அடுக்குங்கள்: 1 முதல் 50 வரை மெல்லிய அடி, 51 முதல் 95 வரை நடுத்தரம், 96 முதல் 127 வரை பலமானது. பலமாக அடிக்கும்போது தோலின் சத்தம் பெரிதாவதோடு நிற்பதில்லை, வேறு குரலாகவே மாறுகிறது, ஒரே பதிவின் வால்யூமைக் கூட்டிக் குறைத்து அதைக் கொண்டுவர முடியாது.

பாட்டாக அடுக்குவது

நல்ல பேட்டர்ன் ஒன்று அமைந்ததும் அதை டூப்ளிகேட் செய்து, நகலில் மட்டும் மாற்றங்கள் செய்யுங்கள். ஒன்றில் கிக் இல்லாமல், ஒன்றில் பம்பை மட்டும், ஒன்றில் கடைசி பாரில் தீர்மானம் (முடிப்பு). இவற்றை சீன்களாக (பாட்டின் பகுதிகளாக) கட்டி, சீன் பட்டனைப் பிடித்துக்கொண்டு பேடைத் தட்டினால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம். தாவல் பாரின் முதல் அடியில் விழும்படி பெர்ஃபார்ம் கிரிட்டை ஒரு பாருக்கு வையுங்கள், விரல் கொஞ்சம் முந்தினாலும் தாளம் உடையாது. எழுதி அடுக்குவதற்கு முன் இப்படி இரண்டு மூன்று முறை வாசித்தே அமைத்துப் பாருங்கள், பல்லவி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கை சொல்லும்.

கியூபேஸ், லாஜிக் போன்ற பதிவு சாஃப்ட்வேரில் முடிப்பதாக இருந்தால் மஷீனை அதற்குள் பிளக்-இன்னாகத் திறக்கலாம், அல்லது ஒவ்வொரு ஒலியையும் தனி வேவ் ஃபைலாக ஏற்றுமதி செய்யலாம். எனக்கு இரண்டாவதே பிடிக்கும், ஐந்து வருடம் கழித்தும் திறக்கும்.

சேமிக்கும்போது சாம்பிள்களோடு சேர்த்துச் சேமிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். நான் ஒருமுறை வேறு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஒரு கோயில் நிகழ்ச்சிக்குப் போனேன். ப்ராஜெக்ட் திறந்தது, பேட் விளக்கெல்லாம் எரிந்தது, சத்தம் வரவில்லை. பம்பை ஃபைல்கள் அத்தனையும் வீட்டு ஹார்டு டிஸ்கில். அன்றைக்கு சாஃப்ட்வேரோடு வந்த கிட்டை வைத்தே ஒப்பேற்றினேன், முன்வரிசையில் அந்தப் பம்பை அண்ணனே உட்கார்ந்திருந்தார்.

மேடையில்

லேப்டாப் சார்ஜரை மேடை ஜெனரேட்டரில் சொருகினால் ஸ்பீக்கரில் ஒரு முனகல் வரும். டிஐ பாக்ஸ் (லேப்டாப் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) ஒன்று வாங்கி, அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் பேட்டரியில் வாசியுங்கள், புறப்படும் முன் முழுதாக ஏற்றிக்கொண்டு போவது அதற்குத்தான். சித்திரை வெயிலில் தகரப் பந்தலுக்கு அடியில் லேப்டாப் சூடேறி வேகம் குறைந்தால் சத்தம் வெடித்து வெடித்து வரும், அடியில் இரண்டு கட்டை வைத்துத் தூக்கி நிறுத்துங்கள், பஃபரை 256-க்கு ஏற்றுங்கள். கேபிள் கன்ட்ரோலரிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

கிட் முடிந்ததும் அந்த அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார், பிறகு ஏழாவது பேடையும் எட்டாவதையும் மாற்றி மாற்றித் தொட்டார். "தம்பி, இதை ரெண்டையும் இடம் மாத்து. மரத்துல ஓரமா அடிச்ச கை அடுத்து உலோகத்து நடுவுலதான் விழும், நீ நடுவுல வேற ஒண்ணை வெச்சிருக்க" என்றார். நான் 5-ல் மரத்தின் நடு அடி, 6-ல் மரத்தின் ஓர அடி, 7-ல் உலோகத்தின் ஓர அடி, 8-ல் உலோகத்தின் நடு அடி என்று வைத்திருந்தேன். அவர் சொன்ன கணக்கில் 6-க்கு அடுத்ததே உலோகத்தின் நடுவாக இருக்க வேண்டும், எனவே 7-யும் 8-யும் இடம் மாறின. மாற்றி அடுக்கியதும் கை குறுக்கே தாண்டாமல் பக்கத்திலேயே விழுந்தது, ஒரு மாதமாக எனக்கு வேகத்தில் தடுக்கிக்கொண்டிருந்த உருட்டு அன்றே வந்துவிட்டது. அந்த அடுக்கைத்தான் இப்போது எல்லா கிட்டிலும் வைத்திருக்கிறேன்: 5 மரம் நடு, 6 மரம் ஓரம், 7 உலோகம் நடு, 8 உலோகம் ஓரம்.